கானுக்குப் பிறகுதான் விதை: டிக்கோயாச் சரிவில் ஒரு வீட்டுத் தோட்டம்

2022 பிறந்த கையோடு அக்கா குடும்பம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோனது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே, காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிற சரிவில் 7 பேர்ச்சஸ் காணி. கணக்குப் பார்த்தால் சுமார் 177 சதுர மீட்டர். வீடு 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீட்டர். நடைபாதை, மலசலகூடம், துணி காயப்போடும் இடம், வீட்டுக்குப் பின்னால் வெட்டி நிறுத்திய மண்திட்டு எல்லாம் போகப் பயிர் வைக்க மிஞ்சியது 80 சதுர மீட்டர்தான். நான்கு தலைமுறையாகத் தோட்டத்து மலையில் கொழுந்தெடுத்த குடும்பத்துக்கு அது சின்ன இடம் இல்லை. லயத்தில் இருந்தபோது இஸ்தோப்புக்கு முன்னால் இரண்டு முழம் நிலத்தில் புதினாவும் கொச்சிக்காயும் வைத்திருந்தவள் அக்கா.

இந்த ஆய்வு அந்த 80 சதுர மீட்டரைப் பற்றியது. நான் ஹட்டனில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய்விடுவேன். எந்த வாரம் என்ன விதைத்தோம், எது பிழைத்தது, எது அழுகியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். 2022 சித்திரையிலிருந்து 2024 மார்கழி வரையான அந்தக் குறிப்புகளை வைத்தே இதை எழுதுகிறேன். சூழலுக்குக் கேடில்லாத தோட்டம் என்றால் இரசாயன உரம் போடாத தோட்டம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். சரிவில் அது இரண்டாவது கேள்வி. பெய்த மழை காணியை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதே முதல் கேள்வி. அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் போய்விட்டது.

முதல் மழையில் போனது

2022 எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடையில் கரட்டையும் போஞ்சியையும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் அவை. அதற்கு முந்திய வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையை நீக்கினார்கள். நீக்கிய பிறகும் யூரியா சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் இல்லை. ஆகவே அக்கா இயற்கைத் தோட்டம் என்று தொடங்கியதற்குக் கொள்கை காரணம் இல்லை, கையில் காசில்லாததுதான் காரணம். கொள்கை பிறகு வந்தது, அதுவும் உறுதியாகவே வந்தது.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து மண்ணைக் கொத்தினோம். மம்பட்டி போட்டால் மஞ்சள் மண் களிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காக மலையை வெட்டியவர்கள் கறுப்பான மேல்மண்ணை ஒதுக்கி வைக்காமல், அதன் மேலேயே அடிமண்ணைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நூறு வருடம் தேயிலை நின்ற மண்ணின் உயிர் ஒரு முழத்துக்குக் கீழே புதைந்து கிடந்தது. தனி வீடு கட்டப்போகிற எல்லாரிடமும் நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வெட்டுகிற முதல் நாளே மேல்மண்ணை ஒரு மூலையில் குவித்து, படங்கு போட்டு மூடி வையுங்கள். ஒரு நாள் வேலைதான். அதைச் செய்யாததால் நாங்கள் இரண்டு வருடம் உழைக்க வேண்டி வந்தது.

பாத்திகளை மேலிருந்து கீழாக நீளவாக்கில் போட்டோம். நடுவில் நடக்க வசதியாக இருந்தது, வேறு காரணம் இல்லை. மே நடுப்பகுதியில் கரட் விதை தூவி, போஞ்சி ஊன்றினோம். மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கியது. மூன்றே நாள். பாத்திகளுக்கு நடுவே நாங்கள் நடக்க விட்ட வழியெல்லாம் ஓடையாகி, கரட் விதையும் மாட்டெருவும் கொத்திப் பொலபொலப்பாக்கிய மண்ணும் ஒன்றாகக் கீழ்வீட்டுக் குசினி வாசலில் போய்க் குவிந்தன. கீழ்வீட்டு அக்கா ஒரு வாரம் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. நானும் அத்தானும் போய் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தோம்.

அந்த ஞாயிறு பெரியப்பா வந்தார். தோட்டத்தில் நாற்பது வருடம் கானு, அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், வெட்டியவர். பாத்தியை அவர் பார்க்கவேயில்லை. கொட்டுகிற மழையில் தலைக்கு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு காணியை மேலும் கீழும் இரண்டு தரம் நடந்தார்.

"தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு மொதல்ல பாருடா தம்பி. வெதையப் பத்திப் பெறகு பேசலாம்" என்றார்.

கானும் கட்டும்

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே, இலேசான சாய்வோடு கானு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கானுக்குள்ளே கொஞ்சத் தூரத்துக்கு ஒரு சின்ன மண்கட்டு விட்டு வைப்பார்கள். ஓடிவரும் தண்ணீர் அந்தக் கட்டில் தட்டி வேகம் குறையும். மண் குழியில் தங்கும், தண்ணீர் மட்டும் கட்டைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். தங்கிய மண்ணை வெயில் காலத்தில் அள்ளித் திரும்ப மேலே போடுவார்கள். எங்கள் முன்னோர் வெட்டிய இந்தக் கானுகள் இல்லாவிட்டால் மலையகத்தின் மண் எப்போதோ மகாவலியிலும் களனி கங்கையிலும் கரைந்து போயிருக்கும். வேறு ஊர்க்காரர் புத்தகத்தில் தேடுகிற அறிவு எங்கள் லயத்திலேயே இருந்தது. நாங்கள்தான் பெரியப்பாவிடம் கேட்கவில்லை.

மழைக்குள்ளே அவசரத்துக்கு ஒரு கானு மட்டும் வெட்டி, முழு வேலையை 2023 தை, மாசிக்குத் தள்ளிவைத்தோம். மட்டம் பார்க்க மூன்று கம்பை 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டோம். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நின்றால் நூல் குறுக்குக் கம்பின் நடு அடையாளத்தில் நிற்கும். கானு வெட்டுகிற கோட்டில் அடையாளத்துக்குச் சற்றே தள்ளி நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். அப்படியே கால் மாற்றி மாற்றி நடந்து மூன்று கோடுகள் குறித்தோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கானு, கானுக்கு மேல்கரையில் வெட்டிவேர் வரிசை, அதற்கு மேலே குறுக்குப் பாத்தி. மழை பெய்யப் பெய்ய மண் வெட்டிவேர் வரிசையில் தேங்கி, பாத்தி தானாகவே மட்டமாகி வருகிறது. இரண்டு வருடத்தில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் படிக்கட்டுப் போல உயரம் தெரிந்தது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். சமவெளிக்காரர் எழுதுகிற இயற்கை விவசாயக் குறிப்புகளில், விழுகிற மழை ஒவ்வொரு துளியையும் காணிக்குள்ளேயே குழி தோண்டித் தேக்கு என்று இருக்கும். வறண்ட ஊருக்கு அது சரி. செங்குத்தான சரிவில், அதுவும் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய திட்டின் தலையில், அதைச் செய்யவே கூடாது. தொடர்ந்து பெய்யும் மழையில் மண் தண்ணீரைக் குடித்துப் பாரம் கூடி, பிடிமானத்தை இழந்துதான் மலை சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் மறந்தவர் யார்? அதனால் எங்கள் திட்டம் இரண்டு விதமாகப் பிரிந்தது. வீட்டுக்கு மேலே தண்ணீரைத் தேக்குவதே இல்லை: திட்டின் தலையில் ஒரு கானு, மேலே இருந்து வருவதையெல்லாம் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தோட்டத்துக் கல்கானில் விடும். வீட்டுக்குக் கீழே மட்டும் மண் பிடிக்கிற குழிகள். திட்டின் முகத்தில் காய்கறி எதுவும் இல்லை, வெட்டிவேரும் புல்லும்தான். கொத்தவும் மாட்டோம். ஒக்டோபர், நவம்பரில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் தோட்ட வேலை அன்றோடு நிற்கும். புதிதாக நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்று என்று எதைக் கண்டாலும் பிள்ளைகளோடு இறங்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை அம்மாவும் சொல்வார், அம்மாவின் அம்மாவும் சொன்னாராம். அது அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் முன்னோரோடு கப்பலேறி வந்த சொல். ஆடியில் டிக்கோயாவில் விதை போட்டால் முளை அழுகும். அது தென்மேற்கு மழையின் நடு. வெயிலே முகம் காட்டாத மாதம். அந்தப் பழமொழியில் தப்பு இல்லை, அது வேறு மண்ணுக்குச் சொன்னது.

மலையகத்துக்குள்ளேயே ஒரே பட்டம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி, கொண்டு வந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே காற்று மலையைக் கடந்து கிழக்குப் பக்கத்து ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்த கச்சான் காற்று. பண்டாரவளையில் இருக்கிற சித்தி வீட்டில் ஜூலை, ஓகஸ்ட்டில் புழுதி பறக்கும். அவர்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவத்தோடு ஜனவரி வரை வரும். தேயிலைக்காரருக்கு இது புதிதல்ல: ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, எங்கள் மேற்குச் சரிவின் டிம்புளப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டுமே அந்தந்தப் பக்கத்தின் வறட்சிக் காலம். சித்தி பாசத்தோடு விதை கொடுத்தனுப்பி, ஆனி மாதம் தண்ணீர் கட்டிப் போஞ்சி போடச் சொன்னார். அவர் பக்கம் அது நடக்கும். எங்கள் பக்கம் அந்த மாதம் போஞ்சிக்கு வெயில் கிடைக்காது.

எங்கள் சரிவுக்கு நல்ல நாட்காட்டி ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது: சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி மலையேறும் பாதையில் விளக்கெரியத் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடிகிறது. விளக்கெரிகிற காலம்தான் எங்களுக்கு நிலம் திருத்தவும், கானு வெட்டவும், வெயில் வேண்டிய பயிர்களை எடுக்கவும் உரிய காலம். விளக்கு அணையும்போது மண் மூடியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியை அக்கா பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கொப்பியில் "அழுகியது" என்ற சொல் குறைந்துவிட்டது.

தை, மாசியில் பகல் வெயில், இரவு குளிர். கானில் தங்கிய மண்ணை அள்ளிப் பாத்தியில் போடுகிறோம், மானாப்புல் பூக்குமுன் வெட்டிவந்து மூடாக்குப் போடுகிறோம். பூத்த பிறகு வெட்டினால் அதன் விதையை நாமே விதைத்ததாகிவிடும். பயிர் கீழ் இரண்டு பாத்தியில் மட்டும். காரணம் தண்ணீர். கூரையின் ஒரு பக்கத்துக்குப் பீலி வைத்து 500 லீட்டர் தாங்கி ஒன்றை நிரப்புகிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லீட்டர். பாதிக் கூரை சுமார் 25 சதுர மீட்டர் என்றால், 20 மில்லிமீட்டர் மழை ஒன்றே தாங்கியை நிரப்பிவிடும். ஆனால் 80 சதுர மீட்டருக்கும் ஊற்றினால் அது இரண்டு நாளுக்குக்கூடக் காணாது. தண்ணீர் பிடிக்கிற இடமான பீலிக்கரையின் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் பொது. அதைத் தோட்டத்துக்குத் திருப்புவது அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. அதனால் மாசியில் பயிரைக் குறைத்தோம்.

பங்குனி, சித்திரை எங்கள் தங்கமான மாதங்கள். காலை வெயில், பின்னேரம் இடிமழை. மார்ச் முதல் வாரத்தில் ஊன்றிய போஞ்சி ஏப்ரல் கடைசியிலேயே காய்க்கத் தொடங்கி, பெருமழைக்கு முன் முடிந்துவிடும். கரட் மூன்று மாதம் கேட்கும். ஆகவே அதைப் பெப்ரவரி நடுவிலேயே தாங்கித் தண்ணீரில் முளைக்கவைக்க வேண்டும். தக்காளி போடுவதானால் இந்தக் காலம் மட்டுமே. மூடுபனியும் ஈரமும் சேர்ந்தால் தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டையும் இலைக்கருகல் ஒரே வாரத்தில் கறுப்பாக்கிவிடும்.

மே வந்ததும் வேறு தோட்டம். லீக்ஸ், வல்லாரை, பொன்னாங்காணி, பந்தலில் சௌசௌ, மேட்டுப் பாத்தியில் கோவா. சௌசௌவுக்கு இந்த மழை விருந்து. கொடி, காய், கிழங்கு எல்லாமே கறிக்கு ஆகும். மீதிப் பாத்திகள் மூடாக்கின் கீழ் ஓய்வெடுக்கும். கோவாவை நத்தை தின்னும்; இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர நம்பகமான வழி எதையும் நாங்கள் காணவில்லை. ஜூலையில் சாப்பாட்டுக்குக் கீரையும் சௌசௌவும்தான், பிள்ளைகள் முகம் சுளித்தாலும்.

செப்டெம்பர் கடைசியில் காற்று ஓய்ந்ததும் இரண்டாவது விதைப்பு: கரட், பீட்ரூட், நோக்கோல், போஞ்சி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை திரும்ப வரும். இந்த விளைச்சல் நத்தாரிலிருந்து தைப்பொங்கல் வரை கைகொடுக்கும்.

மண்ணைத் திருப்பி எடுத்தது

தேயிலை புளித்த மண்ணில் வளர்கிற செடி. அக்காவின் மண்ணும் பரிசோதனையில், புளிப்பைக் காட்டும் pH அளவில், 5 க்குக் கீழே காட்டியது. காய்கறிக்கு 6 க்கு மேல் இருந்தால் நல்லது. கோவா வகைகளின் வேரில் முண்டு விழுகிற நோயும் புளித்த மண்ணில்தான் கூடுதல். சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் போட்டுக் கிளறி, மூன்று வாரம் விட்டுப் பிறகு எரு போட்டோம். அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

உரத்துக்கு எங்களைக் காப்பாற்றியது ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி. மலையகத்தில் எந்தக் கரையிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே செடிதான். அதன் இளந்தண்டிலும் இலையிலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் உண்டு. மென்மையானது, சீக்கிரம் மக்கும். பூக்குமுன் வெட்டி மாட்டெரு, தேத்தண்ணிச் சக்கை, காய்கறித் தோலோடு அடுக்கினோம். முதல் குவியலை மழையில் திறந்துவிட்டுச் சத்தெல்லாம் கழுவிப் போகவிட்டது எங்கள் தவறு. இப்போது பழைய தகரம் போட்டு மூடுகிறோம். குளிருக்கு இங்கே மக்க நாள் எடுக்கும், மூன்று நான்கு மாதம் வைத்துக் கணக்குப் போடுங்கள். பச்சைக் கோழியெரு போட்ட ஒரு பாத்தியில் போஞ்சி முளை முழுக்கக் கருகியதும் கொப்பியில் இருக்கிறது.

2021 ல் நடந்த உரத்தடையை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. இயற்கை உரம் நல்லது என்பதை இந்த 80 சதுர மீட்டரில் கண்ணால் பார்த்தேன். இத்தனை சின்ன இடமே தன் கால் ஊன்ற இரண்டு வருடம் எடுத்தது. அவகாசம் கொடுக்காமல் உழவன் கையிலிருந்ததைப் பிடுங்கியது, ஒரு நல்ல விஷயத்தின் பெயரையே கெடுத்துவிட்டது.

விதையைப் பற்றியும் ஒரு சொல். போஞ்சி, கொச்சிக்காய், பூசணி, கீரை விதைகளை அக்கா தானே எடுத்து வைக்கிறாள். கரட்டும் கோவாவும் பூத்து விதை தர நல்ல குளிர் தேவை, எங்கள் உயரத்துக்கு அது போதாது. அவற்றுக்கு இறக்குமதி விதைதான், காசுதான்.

பன்றி வந்த இரவு

2023 நவம்பரில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கீழ்ப் பாத்தியை உழுது போட்டது. அடுத்த நாளே ஒருவர் கம்பிச் சுருக்கு வைத்துத் தருவதாக வந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து நல்லதண்ணியில் 2020 மே மாதம் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. பன்றிக்கு வைக்கிற கம்பிக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது. மின்கம்பியோ மனிதரையே கொல்லும். பழைய கூரைத் தகரத்தை அரை முழம் புதைத்துக் கீழ்ப்பக்கம் வேலி கட்டினோம், கிழங்கு போடுவதை நிறுத்தினோம், நாயை அந்தப் பக்கம் கட்டுகிறோம். அதற்குப் பிறகு ஒரு தரம்தான் வந்தது. முள்ளம்பன்றிக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

எங்கே வந்து நிற்கிறது

2024 முடிவில், ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் கறி தோட்டத்திலிருந்து வந்தது. மாசியிலும் ஆடியிலும் இரண்டு நாள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பெரும்பாலும் தக்காளியும் கடையில்தான். விற்கிற அளவுக்கு எதுவும் இல்லை, லீக்ஸைத் தவிர.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. 2024 ஜூனில் மழை கொட்டிய ஒரு ஞாயிறு, கடைசிக் கானின் வாயில் போய் நின்று பார்த்தேன். வெளியே போன தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இல்லை, ஏறத்தாழத் தெளிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கீழ்வீட்டு வாசலுக்கும் அங்கிருந்து காசல்ரீக்கும் போன மண் இப்போது எங்கள் குழியிலேயே கிடக்கிறது. கீழ்வீட்டு அக்காவே வெட்டிவேர்த் தூர் கேட்டு வாங்கிப்போய்த் தன் கரையில் நட்டிருக்கிறார். அவர் காணியில் கானு இன்னும் பாதிதான். எங்கள் தண்ணீர் அவர் எல்லையில் திரும்புகிற இடத்தில் கல் வைக்க வேண்டியிருக்கிறது. தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு இரண்டு வீட்டாரும் சேர்ந்து வெட்டுவதாகப் பேசியிருக்கிறோம். பெரியப்பாவுக்கு இப்போது குனிய முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து மட்டம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.